பாதையில்லாப் பாதையில் ஒரு பந்தயம்

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? வழுவழுப்பான தார்ச்சாலை, சாய்ந்து திரும்பும் வண்டிகள், காதைத் துளைக்கும் ஒலி, முதலில் வந்தவருக்குக் கோப்பை. வடசென்னை மக்களுக்கு இக்காட்சி புதியதன்று. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், நமக்கு அண்மையில் உள்ள சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பந்தயங்களை நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுகளம் அமைந்தபின் அந்த ஆரவாரம் அங்கே இடம் பெயர்ந்தது.

இக்கட்டுரை கூற வருவது வேறொரு பந்தயத்தைப் பற்றி. அங்கே தார் இல்லை. கைதட்டும் கூட்டமும் அதிகம் இல்லை. காடு, மேடு, சேறு, மணல், பாறை, ஓடை ஆகியவையே பந்தயக் களம். அதன் பெயர் எண்டியூரோ. தாங்கும் ஆற்றல் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பெயரே அதன் இலக்கணத்தைக் கூறிவிடுகிறது.

எண்டியூரோ என்பது யாது?

இதில் எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவதில்லை. நிமிடத்துக்கு இருவர் அல்லது மூவராக அனுப்பப்படுகின்றனர். வழியில் ஆங்காங்கே நேரச் சாவடிகள் உண்டு. ஒவ்வொரு சாவடிக்கும் ஒருவர் எத்தனை மணி, எத்தனை நிமிடத்தில் வந்து சேர வேண்டும் என்பது முன்கூட்டியே அட்டையில் குறிக்கப்பட்டிருக்கும். தாமதமாக வந்தால் தண்டனை என்பது எளிதில் விளங்கும். முன்னதாக வந்து சாவடிக்குள் நுழைந்தாலும் தண்டனை உண்டு என்பதே வியப்பு! இடையிடையே 'சிறப்புச் சோதனை' எனப்படும் சிறு பகுதிகள் வரும். அங்கு மட்டும் கடிகாரத்தோடு நேருக்கு நேர் போட்டி.

இப்போட்டிகளுக்கெல்லாம் தாய் எனத்தக்கது, 1913-இல் இங்கிலாந்தில் கார்லைல் நகரில் தொடங்கிய சர்வதேச ஆறு நாள் சோதனைப் போட்டி. இன்று அது சர்வதேச ஆறு நாள் எண்டியூரோ என்று அழைக்கப்படுகிறது. அதன் விதிகளுள் நம் கருத்தைக் கவர்வது ஒன்றுண்டு. வண்டி பழுதானால் ஓட்டுபவரே தம் கையால் சரிசெய்ய வேண்டும். பிறர் கை வண்டியில் படக்கூடாது. எஞ்சின் கூடு, சட்டம் போன்ற முக்கிய உறுப்புகளுக்குத் தொடக்கத்திலேயே அடையாளமிட்டு விடுவார்கள். அவற்றை இடையில் மாற்றிக்கொள்ளவும் முடியாது. இரவில் வண்டிகள் பூட்டிய வளாகத்துள் வைக்கப்படும். எனவே இதில் பங்குபெறுபவர் பாதி ஓட்டுநர், பாதி மெக்கானிக்.

இதில் அடங்கியுள்ள இயற்பியல்

எண்டியூரோ வீரர் பெரும்பாலும் ஆசனத்தில் அமர்வதில்லை. கால்மிதியில் நின்றபடியே ஓட்டுகிறார். இது வீரம் காட்டுவதற்காக அன்று. அமர்ந்திருந்தால் பள்ளத்தில் சக்கரம் பெறும் ஒவ்வோர் அடியும் முதுகெலும்பை வந்து தாக்கும். நின்றால் முழங்கால்களும் முழங்கைகளும் சுருள்வில்லாகச் செயல்படுகின்றன. வண்டி கீழே துள்ளிக்கொண்டிருக்க, உடல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் செல்கிறது.

முன் சக்கரம் பெரிதாக, பொதுவாக 21 அங்குல விட்டத்தில் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரே கல்லைச் சிறிய சக்கரம் செங்குத்தாக மோதுகிறது. பெரிய சக்கரமோ சாய்வாக ஏறிக் கடக்கிறது. மணலில் ஓட்டுவது இன்னும் நுட்பமானது. பயந்து வேகத்தைக் குறைத்தால் முன் சக்கரம் புதைந்துவிடும். எடையைப் பின்னுக்குத் தள்ளி, திராட்டிலை விடாமல் பிடித்திருந்தால் சக்கரம் மணலின் மேலாக மிதந்து செல்லும். எண்ணூர்க் கடற்கரையில் சைக்கிள் தள்ளிய எவருக்கும் இதன் முதற்பாதி தெரியும்.

இனி அதிர்வுதாங்கி. வெறும் சுருள்வில் ஆற்றலைச் சேமித்து அப்படியே திருப்பித் தந்துவிடும். வண்டி பந்துபோல் குதிக்கும். வில்லோடு எண்ணெய் நிரம்பிய குழாயைச் சேர்த்தால், எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கித் தள்ளப்பட்டு அந்த ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. குதிப்பு அடங்குகிறது, சக்கரம் நிலத்தை விட்டு அகலாமல் பிடித்துக்கொள்கிறது. இந்தச் சிறு உண்மைதான் நம்மைத் திருவொற்றியூருக்கு அழைத்து வருகிறது.

திருவொற்றியூரின் உறவு

1940களில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் பின் சக்கரம் சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது. பின்னால் வில் வைத்தால் பிடிப்புக் குறையும் என்று போட்டி ஓட்டுநர்கள் பலர் நம்பிய காலம் அது. அந்நிலையில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம், மேலும் கீழும் அசையும் பின்கையும் எண்ணெய் அதிர்வுதாங்கியும் கொண்ட 350 சி.சி. புல்லட் வண்டியை உருவாக்கியது. அதைச் சோதிக்கத் தேர்ந்த இடம் கண்காட்சி மேடையன்று. 1948-இல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் போட்டியில் சார்லி ரோஜர்ஸ், விக் பிரிட்டைன் என்னும் இருவர் அதை ஓட்டினர். வெற்றிபெற்ற பிரிட்டிஷ் அணியில் இடம்பெற்ற அவ்விருவருமே தங்கப் பதக்கம் பெற்றனர். இப்போட்டியில் தங்கப் பதக்கம் முதலாமவர் ஒருவருக்கே உரியதன்று. வகுத்த அளவுக்குள் ஆறு நாளும் ஓடி முடித்த ஒவ்வொருவருக்கும் உரியது. விக் பிரிட்டைனின் மகன் ஜானி பிரிட்டைன் 1952-லும் 1957-லும் ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியைப் புல்லட்டிலேயே வென்றார்.

நம் இராணுவம் எல்லைக் காவலுக்காக இவ்வண்டியைத் தேர்ந்தெடுத்ததையடுத்து, 1955-இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை அமைத்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1956-இல் இங்கு உருவான புல்லட்டுகள் 163. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது; இங்கோ உற்பத்தி நிற்கவில்லை. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட்டுகள் ஏற்றுமதியாயின. சான் ரெமோவின் பாறைகளில் தேறிய வண்டியை, அதைப் பெற்றெடுத்த நாட்டுக்கே செய்து அனுப்பியவர்கள் நம் தெருக்களில் வாழ்ந்த ஃபிட்டர்களும் டர்னர்களும் வெல்டர்களும் என்பதை நாம் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

ஓர் அமெச்சூர் வீரரின் ஒரு நாள்

சென்ற ஆண்டு செங்கல்பட்டுப் பக்கம் நடந்த ஒரு நாள் போட்டிக்கு, எங்கள் பகுதியில் மெக்கானிக்காக இருக்கும் அண்ணன் ஒருவருடன் துணைக்குச் சென்றிருந்தேன். அவர் ஓட்டியது பழைய வண்டியாக வாங்கித் தாமே சீர்செய்த 200 சி.சி. வண்டி. ஹெல்மெட் சொந்தம், முழங்கால் கவசமும் பூட்ஸும் இரவல். பனங்காடு, வறண்ட ஏரி, முட்புதர் ஆகியவற்றினூடே மூன்று சுற்றுகள். துணைக்குச் சென்ற எனக்கு அனுமதிக்கப்பட்ட பணி தண்ணீர் கொடுப்பது ஒன்றே.

முதற்சுற்றில் இரண்டு நிமிடம் முன்னதாகவே வந்து சாவடிக்கு வெளியே காத்து நின்றார். அந்த இரண்டு நிமிடத்தில் செயினைத் தொட்டுப் பார்த்தார். ஸ்போக்குகளை விரலால் சுண்டி ஒலி கேட்டார். இரண்டாம் சுற்றில் பின் டியூப் முள்ளில் கிழிந்தது. வெயிலில் மண்டியிட்டுச் சக்கரத்தைக் கழற்றி, மாற்று டியூப் போட்டு, கைப்பம்பால் காற்றடித்துப் புறப்பட்டபோது பதினெட்டு நிமிடம் கழிந்திருந்தது. பக்கத்திலேயே நின்ற என்னால் ஒரு ஸ்பேனரைக் கூட எடுத்துத் தர இயலவில்லை.

"போதும்ணா, இனிமே ஜெயிக்க முடியாதே" என்றேன்.

"ஜெயிக்கவா தம்பி வந்தேன்? முடிக்க வந்தேன்" என்றார்.

முடித்தார். அவர் பிரிவில் முப்பத்தொருவர் புறப்பட்டு, முடித்தவர் பத்தொன்பது பேர். அவருக்குப் பதினான்காம் இடம். அவரைவிட வேகமாகச் சென்ற சிலர் கிளட்ச் கருகியும் கைப்பிடி வளைந்தும் வழியிலேயே நின்றுவிட்டனர்.

துணிவும் பொறுப்பும்

எண்டியூரோவின் உறவினரான நெடுந்தூர ராலிகளிலும் நம்மவர் பெயர் பதித்துள்ளனர். உலகிலேயே கடினமானதாகக் கருதப்படும் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர் பெங்களூரைச் சேர்ந்த சி. எஸ். சந்தோஷ், 2015-இல் அவர் பெற்றது 36-ஆம் இடம். கேரளத்தின் ஹரித் நோவா 2024-இல் 11-ஆம் இடம் பெற்று, 'ராலி 2' பிரிவில் முதல்வரானார். ஆயினும் இது ஆபத்தில்லா விளையாட்டன்று. 2021 டக்காரில் விழுந்த சந்தோஷ் பல நாள் மயக்க நிலையில் வைக்கப்பட்டுச் சிகிச்சை பெற்றார். தலைக்கவசம், மருத்துவ ஊர்தி, அடைக்கப்பட்ட பாதை அனைத்தும் இருந்தும் அந்நிலை.

அப்படியானால், இவற்றுள் ஒன்றுமே இல்லாமல், கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் செல்லும் எண்ணூர் நெடுஞ்சாலையில் நள்ளிரவில் பந்தயம் விடும் நம் வயதினரை என்னென்பது? அவர்களுக்குத் துணிவு இல்லை என்று நான் கூறமாட்டேன். ஆனால் அத்துணிவு பத்து நொடியில் தீர்ந்துபோவது. லாரி ஓட்டுபவரும், வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியும் அப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் அல்லர். எண்டியூரோ கேட்பது நாள் முழுதும் நிற்கும் துணிவு: வேகத்தை அளந்து செலவிடுவது, உரிய நேரம் வரும்வரை பொறுப்பது, விழுந்தால் எழுவது, பழுதானால் தன் கையால் திருத்துவது.

பட்டம் பெறும் ஆவலில் ஸ்பேனர் பிடித்த கைகளைச் சற்றுத் தாழ்வாக எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஏட்டில் நாம் படிக்கும் உராய்வும் உந்தமும் அந்தக் கைகளுக்கு நெடுநாளாகவே தெரியும். நம் கல்லூரியின் இயற்பியல் மன்றம் ஒரு பழைய வண்டியின் அதிர்வுதாங்கியைக் கழற்றி, அருகிலுள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்து விளக்கச் செய்தால் என்ன? வில் குதிப்பதையும் எண்ணெய் அதை அடக்குவதையும் அன்று நாம் கண்ணால் காணலாம். நமக்குப் பாடம் நடத்துபவர் நம் தெருக்காரராகவும் இருக்கலாம்.