மாரிகால விருந்தாளிகள்

ஒக்டோபரில் வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் மன்னாருக்கு விருந்தாளிகள் வரத் தொடங்குகிறார்கள். பலர் பூநாரைகளைப் பார்க்கப் போவார்கள். நான் தேடிப் போவது கூரிய அலகும் வளைந்த நகங்களும் கொண்ட கொன்றுண்ணிப் பறவைகளை.

வட ஆசியாவில் நீர்நிலைகள் உறைந்து இரை அரிதாகும்போது பறவைகள் மத்திய ஆசியப் பறப்புப் பாதை வழியே தெற்கே வருகின்றன. இலங்கைக்கு அப்பால் பெருங்கடல்தான். ஆகவே இங்கேயே தங்கிவிடுகின்றன. 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்தில் வாத்துகளும் கரைப்பறவைகளும் கூட்டங்கூட்டமாக இறங்கும். அவற்றுக்குப் பின்னால் வேட்டைப் பறவைகளும் வரும்.

தூரத்தில் பறப்பது எது என்று அறிய, நிறத்தைவிடப் பறக்கும் விதமே உதவும். சிறகுகளைச் சற்று மேலே உயர்த்தி, புல்லுக்கு மேல் தாழ மிதந்து போனால் அது பூனைப்பருந்து. மேலிருந்து அம்புபோலப் பாய்ந்தால் பொரி வல்லூறு. அந்தப் பாய்ச்சலின் வேகம் மணிக்கு 300 கிலோமீற்றரைத் தாண்டும். வெண்வயிற்றுக் கடற்கழுகு மட்டும் விருந்தாளியல்ல, வருடம் முழுவதும் நம்முடன் இருப்பது. இன்னொரு விசேஷம்: இந்த இனங்களில் ஆணைவிடப் பெண்ணே பெரியது.

எனக்கு மிகப் பிடித்தது விராலடிப்பான். கண்ணின் ஊடாக ஒரு கரிய பட்டி ஓடும். நீருக்கு மேல் அந்தரத்தில் சிறகடித்து நின்று, கால்களை முன்னே நீட்டிக்கொண்டு பாயும். பாதத்தில் முள் போன்ற சொரசொரப்பு உண்டு. வெளிவிரலைப் பின்புறமாகவும் திருப்ப முடியும். அதனால் வழுக்கும் மீனும் தப்புவதில்லை. பிடித்த மீனின் தலையை முன்பக்கமாக வைத்துத் தூக்கிச் செல்வதால் காற்றின் தடையும் குறைகிறது.

சென்ற டிசம்பரில் சாச்சாவின் கமெராவுடன் தாம்போதியருகே போயிருந்தேன். ஒரு கம்பத்தின் மேல் விராலடிப்பான் மீனைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தது. 300 மில்லிமீற்றர் லென்ஸுக்கு அது சிறிதாகவே தெரிந்தது. வாப்பா தடுத்தும் கேளாமல் முச்சக்கரவண்டியை விட்டு இறங்கி நடந்தேன். அது தின்பதை நிறுத்திக் கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தது. இன்னும் இரண்டு அடி வைத்தேன். சட்டென்று எழுந்து பறந்தது. பாதி மீன் நழுவி நீரில் விழுந்தது. அதைச் செம்பருந்து ஒன்று கொண்டுபோயிற்று. எனக்குக் கிடைத்தது ஒரு மங்கலான வால் மட்டுமே.

விருந்தாளியைக் கண்ணியப்படுத்த வேண்டும் என்று கேட்டு வளர்ந்த நான், விருந்தாளியின் சாப்பாட்டைத் தட்டிவிட்டிருந்தேன். நெடுந்தூரம் பறந்து வந்த பறவைக்கு ஓய்வும் உணவும்தான் திரும்பிப் போவதற்கான பலம். நாம் துரத்தும் ஒவ்வொரு முறையும் அந்தப் பலம் வீணாகிறது.

அதன்பின் சில விடயங்களைக் கற்றேன். நிற்கும் மனிதரைவிட நிறுத்திய வாகனத்துக்குப் பறவை குறைவாகவே அஞ்சும். ஆகவே முச்சக்கரவண்டியே எங்கள் மறைவிடம். காலைச் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் செக்கனின் 2,000இல் ஒரு பங்காவது தேவை. வெளிச்சமான வானத்தின் முன் பறவை கறுத்துப் போகும் என்பதால் ஒளியளவைச் சற்றுக் கூட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பறவை கழுத்தை நீட்டி நம்மையே பார்த்தால் நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம். அங்கேயே நிற்க வேண்டும்.

ஜனவரியில் ஒரு நாள் சுபஹு தொழுதுவிட்டு மீண்டும் போனோம். வண்டிக்குள் நாற்பது நிமிடம் அசையாமல் இருந்தோம். விராலடிப்பான் முழு மீனையும் தின்று முடித்தது. பிறகு தாழப் பறந்து, கால்களை நீரில் உரசிக் கழுவிக்கொண்டு, தானாகவே போயிற்று.

அன்றைய படத்திலும் பறவை சிறிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் காலடியில் மீன் இருக்கிறது.