எண்ணூர் எண்ணெய்க் கசிவு: அவ்வளவு வெள்ளமும் ஏன் அதை அடித்துக்கொண்டு போகவில்லை?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை தத்தளித்தபோது, மணலி தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கிளம்பிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூர் கழிமுகம் முழுக்கப் பரவியது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. அவ்வளவு தண்ணி போச்சே, எண்ணெயையும் கடலுக்கு இழுத்துட்டுப் போயிருக்க வேண்டாமா?

ஒரு பகுதி போனது. மிச்சம் ஏன் தங்கியது என்பதுதான் விஷயம்.

டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டால் அது தானாகக் கலக்க நேரமாகும். ஸ்பூனால் கலக்கினால் நொடியில் முடிந்துவிடும். ஆற்றில் அந்த ஸ்பூன் வேலையைச் சுழல்கள் செய்கின்றன. ஆனால் கரையும் பொருளுக்குத்தான் இந்தக் கணக்கு. எண்ணெய் கரையாது, மெல்லிய படலமாகப் பரவும். அதில் லேசான பகுதி சில நாட்களில் ஆவியாகிவிடும். மிஞ்சும் கெட்டியான பகுதி மண்துகள்களோடு ஒட்டிக்கொள்ளும். அதில் கொஞ்சம் அடியில் போய்ப் படியும்.

இன்னொன்று, கழிமுகம் ஒருவழிப் பாதை இல்லை. சுமார் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை கடல் ஏறி இறங்கும். வெள்ளம் வேகமாக வரும்வரை, உப்புநீரைவிட லேசான ஆற்றுநீர் மேலாக ஓடி, மிதக்கும் எண்ணெயையும் கடல் பக்கம் தள்ளும். வெள்ளம் வடிந்ததும் கடலின் கை ஓங்கிவிடும். வெளியே போன எண்ணெயில் ஒரு பங்கு ஏற்றத்தோடு திரும்பி வரும். தண்ணீர் இறங்கும்போதெல்லாம் அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களில் ஒரு பூச்சு விட்டுப் போகும். போதாக்குறைக்கு, எண்ணூர் முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடும் இடம். வாய் குறுகினால் உள்ளே இருப்பது வெளியேறுவதும் தாமதமாகும்.

பக்கெட்டும் மக்குமாக எண்ணெய் அள்ளிய காட்சிகள் நினைவிருக்கும். மிதவைத் தடுப்பு போட்டாலும் சரி, உறிஞ்சும் இயந்திரம் வைத்தாலும் சரி, மேலே மிதப்பதைத்தான் பிடிக்க முடியும். அதனால்தான் முதல் சில நாட்கள் அவ்வளவு முக்கியம். சேற்றுக்குள் போனதை எடுப்பது வேறு கதை. அங்கே ஆக்ஸிஜன் குறைவு என்பதால் எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிர்களின் வேலையும் மெதுவாகத்தான் நடக்கும்.

எண்ணூரில் இருளர் மக்கள் சேற்றைக் கையால் துழாவித்தான் இறால் பிடிக்கிறார்கள். ‘தண்ணி தெளிஞ்சிடுச்சு’ என்று சொல்வதற்கு முன், அந்தச் சேற்றின் மாதிரியை எடுத்துச் சோதித்தார்களா என்றுதான் கேட்க வேண்டும். அதுவும் ஒருமுறை அல்ல, ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும். ஏனென்றால் அடுத்த வெள்ளம் அடியில் படிந்ததையும் கிளறிவிடும்.