கல் இல்லாத காட்டில் ஒரு கல்

அரிசியில் கல் கிடந்தால் நமக்குக் கோபம் வருகிறது. அமெரிக்காவில் ஒரு சதுப்புக் காட்டில் சிறு கல் அகப்பட்டால், ஆராய்ச்சியாளர்களுக்கு ஆனந்தம் பிறக்கிறது! ஏன் தெரியுமா? அந்தக் காட்டு மண்ணில் இயற்கையாகக் கல்லே கிடையாது. மக்கிய இலைதழையும் சேறும்தான். ஆகவே, அங்கே கல் இருந்தால், யாரோ ஒரு மனிதர் கையில் எடுத்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

யார் அந்த மனிதர்?

விர்ஜினியா, வட கரோலினா மாகாணங்களின் எல்லையில் பரந்து கிடக்கும் அந்த இடத்துக்கு 'கிரேட் டிஸ்மல் ஸ்வாம்ப்' என்று பெயர். 'பெரிய துயரச் சதுப்பு' என்று சொல்லலாம். கொசு, விஷப் பாம்பு, கரடி, காலை இழுக்கும் சேறு - பகலிலேயே நுழைய அஞ்சும் இடம். ஆனால் பதினேழாம் நூற்றாண்டின் இறுதி முதல், 1865-ல் அடிமை முறை ஒழியும் வரையில், பண்ணைகளிலிருந்து தப்பி வந்த ஆப்பிரிக்க அடிமைகள் ஆயிரக்கணக்கில் அதற்குள்ளேதான் மறைந்து வாழ்ந்தார்கள். நிலத்தைப் பறிகொடுத்த பழங்குடி மக்களும் அங்கே தஞ்சம் புகுந்திருந்தார்கள்.

பாம்புக்கும் கரடிக்கும் நடுவில் குடும்பம் நடத்துவதா என்று கேட்கிறீர்களா? வெளியே இருந்த நிலைமையைக் கேளுங்கள். 1662-ல் விர்ஜினியாவில் ஒரு சட்டம் செய்தார்கள். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை; தகப்பன் யாராக இருந்தாலும் சரி! மடியில் கிடக்கும் குழந்தையை எஜமான் விற்கலாம். பெற்றவள் தடுக்க முடியாது. அந்தச் சட்டத்தின் கை எட்டாத தொட்டில், சேற்றுக்கு நடுவில்தான் கட்ட முடிந்தது.

டேனியல் சேயர்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர், இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல ஆண்டுகள் அங்கே தோண்டிப் பார்த்தார். இடுப்பளவு தண்ணீரில் நடந்து, காட்டுக்குள் தீவு போல் மேடாக இருந்த இடங்களை அடைந்தார். புதையலா கிடைத்தது? குடிசைக்குத் தூண் நட்ட குழிகளின் தடம், களிமண் புகைக்குழாயின் துண்டு, துப்பாக்கியின் தீக்கல், அப்புறம் கற்சில்லுகள். பழங்குடியினர் எப்போதோ விட்டுப்போன கல் ஆயுதங்களை, பின்னால் வந்தவர்கள் எடுத்து மறுபடி தீட்டியிருக்கிறார்கள். கடைக்குப் போனால் பிடிபடுவோமே! ஒரே கல்லைத் தேயத் தேயத் தீட்டிப் பிழைத்திருக்கிறார்கள்.

இத்தனை பேர் இத்தனை காலம் வாழ்ந்த இடத்தில் இவ்வளவு சொற்பமா என்று தோன்றும். தடயம் விடாமல் வாழ்ந்ததால்தானே அவர்கள் பிடிபடாமல் வாழ்ந்தார்கள்!

1974 முதல் அந்தக் காட்டின் பெரும்பகுதி வனவிலங்குச் சரணாலயம். மனிதர்களுக்கோ, அதற்கு வெகு காலம் முன்பே அது சரணாலயமாக இருந்திருக்கிறது.