கையால் அச்சுச் சுற்றுப்பலகை ஆக்கல்

அச்சுச் சுற்றுப்பலகை என்பது மின்னணு உறுப்புகளைத் தாங்கி, அவற்றைச் செப்புத் தடங்களால் இணைக்கும் மின்காப்புப் பலகை ஆகும். ஆஸ்திரியப் பொறியாளர் பவுல் ஐசுலர் 1936 ஆம் ஆண்டளவில் இலண்டனில் இவ்வகைப் பலகை கொண்ட வானொலிப் பெட்டியை உருவாக்கினார். ஒரே ஒரு பலகை மட்டும் தேவைப்படும் மாணவர்களும் ஆர்வலர்களும் அதனை வீட்டிலேயே ஆக்குவதுண்டு.

பொருட்கள்

செப்புப் படலம் ஒட்டிய பலகையே மூலப்பொருள். பொதுவாகப் பலகை 1.6 மிமீ தடிப்பும், செப்பு 35 மைக்ரோமீட்டர் தடிப்பும் கொண்டவை. செங்கல்பட்டு வட்டார ஆர்வலர்களுக்கு அருகிலுள்ள பெரிய மின்னணுச் சந்தை சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு ஆகும்.

செய்முறை

1. செப்புப் பக்கத்திலிருந்து பார்க்கும் தடவடிவின் கண்ணாடிப் பிம்பம், லேசர் அச்சுப்பொறியால் வழவழப்பான தாளில் அச்சிடப்படுகிறது. நேர் பிம்பத்தை அச்சிட்டால் தொகுசுற்றின் கால்கள் இடவலமாக மாறிப் பலகை பயனற்றுப்போகும்.
2. தேய்த்துத் தூய்மையாக்கிய செப்பின் மேல் தாளை வைத்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்த வேண்டும். நெகிழியாலான மைத்தூள் உருகிச் செப்பில் ஒட்டும். பின் நீரில் ஊறவைத்துத் தாள் நீக்கப்படுகிறது.
3. பலகை பெரிக் குளோரைடுக் கரைசலில் இடப்படுகிறது. மை மூடாத செப்பு கரைய, தடங்கள் எஞ்சுகின்றன.
4. மை நீக்கப்பட்டு, 0.8 முதல் 1 மிமீ வரையிலான துளைகள் இடப்படுகின்றன.

கடற்கரைச் சூழலில் பாதுகாப்பு

மாமல்லபுரம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் கலந்த ஈரக்காற்று செப்பை அரிக்கிறது. தடங்களுக்கிடையே மின்கசிவும் ஏற்படலாம். சரியாகக் கழுவப்படாத பெரிக் குளோரைடும் கடலுப்பைப் போலவே குளோரைடு ஆதலால், அதே தீங்கை விளைவிக்கும். எனவே பலகையை நன்கு கழுவி உலர்த்தி, தடங்களில் ஈயப்பற்று பூச வேண்டும். உறுப்புகளைப் பற்றவைத்தபின் வார்னிஷ் பூசுதல் நன்று.

கழிவு நீக்கம்

பெரிக் குளோரைடு தோலையும் கண்ணையும் தாக்கும், உலோகங்களை அரிக்கும். ஆகவே கையுறையும் கண்ணாடியும் அணிந்து, நெகிழி அல்லது கண்ணாடிக் கலத்தையே பயன்படுத்த வேண்டும். பயன்படுத்திய கரைசலில் உள்ள செப்பு, நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகும். சாக்கடையில் ஊற்றினால் அது செங்கல்பட்டுக் கொளவாய் ஏரி போன்ற நீர்நிலைகளையோ கடலையோ சென்றடையக்கூடும். சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் நுரை எழுந்து, செப்பும் இரும்பும் வண்டலாகப் படியும். அவ்வண்டலை வடிகட்டி உலர்த்தி, தீங்கு தரும் கழிவாகத் தனியே ஒப்படைக்க வேண்டும்.