கடல் இருந்த ஊரில் விஞ்ஞானப் பாடம்

ஓர் எலுமிச்சம்பழம் போதும்!

அரியலூரில் கடல் இருந்தது என்றால் நம்புவீர்களா?

இன்று அங்கே முந்திரித் தோப்பும் சிமெண்டு ஆலையும் இருக்கின்றன. ஆனால், பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு அரியலூர், பெரம்பலூர் பக்கத்தில் கடல் அலை அடித்தது. அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பியும் நத்தையும் இப்போது கல்லாகக் கிடக்கின்றன.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது! நீளம் சுமார் 18 மீட்டர். வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு. 1940-ல் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் இதை உலகுக்கு அறிவித்தார்.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளை, பாறையின் வகைகளை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் போதுமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அல்லவா?

கல் பொங்குகிறது!

ஆரம்பப் பள்ளியில் இந்தப் பாடத்தை எப்படி நடத்தலாம்?

ஒரு துண்டு சுண்ணாம்புக்கல், ஒரு துண்டு கருங்கல், கொஞ்சம் முட்டை ஓடு, ஓர் எலுமிச்சம்பழம். இவ்வளவுதான் செலவு!

மூன்றின் மீதும் எலுமிச்சம் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சுண்ணாம்புக்கல்லில் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பும். முட்டை ஓட்டிலும் கிளம்பும். கருங்கல் சும்மா இருக்கும்.

குமிழியில் இருப்பது கரியமில வாயு. முட்டை ஓடு, கடல் சிப்பி, சுண்ணாம்புக்கல் ஆகிய மூன்றிலும் முக்கியமாக இருப்பது ஒரே பொருள்தான். புளிப்பு பட்டதும் அதிலிருந்து வாயு வெளியேறுகிறது.

கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும் என்பது வெற்றிலை போடும் பாட்டிக்குத் தெரியும். கடலுக்கடியில் சிப்பிகள் கோடிக்கணக்கில் படிந்து இறுகியதால் சுண்ணாம்புக்கல் உண்டாயிற்று. அந்தக் கல்தான் ஆலைக்குப் போய்ச் சிமெண்டு ஆகிறது. அப்படியானால், நம் வீட்டுச் சுவரிலும் பழைய கடல் இருக்கிறது!

முதலில் கேள்வி

ஆசிரியர் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. "இப்போது பொங்கும் பாருங்கள்" என்று முன்கூட்டியே சொல்லக்கூடாது.

"எது பொங்கும்? எது பொங்காது?" என்று கேட்க வேண்டும். பிள்ளைகள் தங்கள் எண்ணத்தைப் பலகையில் எழுதட்டும். பிறகு சாற்றை விடட்டும். தவறாக எழுதிய பிள்ளையைத் திட்டக்கூடாது.

"கல்லைப் பொடி செய்தால் அதிகமாகப் பொங்குகிறதே, ஏன்?" என்று ஒரு பிள்ளை கேட்கலாம். பொடியில் சாறு படும் இடம் அதிகம். ஆசிரியருக்கு விடை தெரியாவிட்டாலும் வெட்கமில்லை. "வா, செய்து பார்ப்போம்" என்றால் போதும்.

செய்து பார்த்துப் படிக்கும் இந்த முறைக்காகவே, 6 முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழக அரசு 2022 நவம்பரில் "வானவில் மன்றம்" தொடங்கியது.

பெற்றோர் கவனத்துக்கு

சுரங்கத்தில் வெட்டிய கல் ஆலைக்குப் போகிறது. அதோடு சேர்ந்து சிப்பிக் கல்லும் அரைபட்டுப் போனால் திரும்பக் கிடைக்காது. அதை அடையாளம் காணும் கண் அந்த ஊர்ப் பிள்ளைக்கு வேண்டும்.

பாடத்துக்குச் சாதாரணக் கல் போதும். சிப்பி பதிந்த கல்லை உடைக்க வேண்டாம். ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். விடுமுறையில் சாத்தனூர் கல்மரத்தையும் வாரணவாசி அருங்காட்சியகத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

உங்கள் பிள்ளை வயலில் கிடந்த கல்லோடு வீட்டுக்கு வந்தால், "குப்பையைத் தூக்கி எறி" என்று சொல்லாதீர்கள். அது கடலில் வாழ்ந்த சிப்பியாக இருக்கலாம்!