உற்றுநோக்கல் என்னும் கற்பித்தல் முறை: திருப்பூர்ப் பின்னலாடைத் துணியை முன்வைத்து

முன்னுரை

கல்லூரிக் கல்வியில் நூலுக்கும் விரிவுரைக்கும் உள்ள இடம் கண்ணுக்கு வழங்கப்படுவதில்லை. காண்பது இயல்பான செயல், அதனைக் கற்பிக்க வேண்டியதில்லை என்னும் கருத்தே இதற்குக் காரணம். திருப்பூரில் துணி சோதிப்பவரின் பார்வையோ பயிற்சியால் கைவருவது. அப்பார்வையின் படிநிலைகளைப் பல துறைகளின் கற்பித்தலோடு பொருத்திக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துணி உணர்த்தும் பார்வை

வட்டப் பின்னல் எந்திரத்தில் உருவான துணியில் நீளவாக்கில் ஒரு கோடு தொடர்ந்து ஓடினால், பழுது ஊசியில் இருக்கக்கூடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஊசி அதே நிரலில் கண்ணி இடுவதால் அக்கோடு விழுகிறது. குறுக்குவாக்கில் பட்டைகள் தோன்றினால் நூலின் வேறுபாட்டையோ அதன் இழுவிசையையோ ஐயுற வேண்டும். இவ்வாறு கோட்டின் திசை காரணத்தைச் சுட்டுகிறது. ‘துணி சரியில்லை’ என்று உடனே தீர்ப்புரைப்பவருக்கு இது புலப்படாது.

கண்டதை அளவாக்கவும் இத்தொழில் வழிவகுத்துள்ளது. நான்கு புள்ளி முறையில் 3 அங்குலம் வரை நீளும் குறைக்கு 1 புள்ளியும், 6 அங்குலம் வரை 2 புள்ளியும், 9 அங்குலம் வரை 3 புள்ளியும், அதற்கு மேற்பட்டதற்கு 4 புள்ளியும் இடப்படும். இதனால் இருவரின் மதிப்பீடுகளை ஒப்பிட இயலுகிறது. மேலும், ஓர் ஒளியில் ஒத்த நிறமாகத் தோன்றும் இரு துணிகள் வேறோர் ஒளியில் வேறுபடலாம். ஆதலின், எந்த ஒளியில் கண்டோம் என்பதும் பதிவில் இடம்பெறல் வேண்டும்.

இவற்றிலிருந்து நான்கு படிகளை வகுக்கலாம்: தீர்ப்பின்றி நெடிது காணல், கண்டதைக் குறித்தல், காரணம் கருதல், மீண்டும் பொருளை நோக்கிச் சரிபார்த்தல்.

பிற துறைகளில் உற்றுநோக்கல்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்கள் ஓவியங்களை உற்றுநோக்கி விவரிக்கப் பயிற்றுவிக்கப்பட்டனர். அதனால் அவர்களது நோயறி பார்வை மேம்பட்டதை 2001இல் வெளியான ஆய்வு காட்டியது.

வேதியியல் மாணவர்க்கு நொய்யல் ஆறே பாடம். சாயக்கழிவின் காரணமாகச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நீரின் நிறத்தையும் நுரையையும் மாணவர் குறிக்கலாம். ஆனால் சாயமேற்றலில் பயன்படும் உப்பு, நிறம் நீங்கிய நீரிலும் கரைந்திருக்கும். தெளிந்த நீரைத் தூய நீர் என்று கொள்வது இரண்டாம் படியையும் மூன்றாம் படியையும் குழப்புவதாகும். அதனை நம்பிப் பாய்ச்சினால் வயல் உவர்ப்படையும். கருவியால் அளந்து சரிபார்க்கும் நான்காம் படி இங்கு இன்றியமையாதது.

தமிழிலக்கியக் கல்விக்கும் இம்முறை புதிதன்று. கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணர்வோர்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள் புலனாகாது என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் கருத்து. ‘தலைவி வருந்தினாள்’ என எழுதும் மாணவரிடம், அவ்வருத்தம் பாடலில் எந்த உடற்குறியால் புலப்படுகிறது என ஆசிரியர் வினவலாம்.

முடிவுரை

பின்னலாடைத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வரும் மாணவர்கள் இப்பார்வையை வீட்டிலேயே கண்டிருக்கக்கூடும். கல்லூரி அதனை அறிவாக ஏற்பின் அவர்தம் கற்றல் வலுப்பெறும். அகமதிப்பீட்டில் ஒரு நோக்கீட்டுக் குறிப்பேட்டைச் சேர்த்து, கண்டதற்கும் கருதியதற்கும் தனித்தனியே மதிப்பெண் வழங்குவதை முதற்கட்டமாக மேற்கொள்ளலாம்.