தனக்குத் தானே பிரேக் போடும் ஓமோன்

வினாத்தாளைத் திருப்பும்போது நெஞ்சு படபடத்தால் "அதிரீனலின்" என்று வகுப்பில் எல்லோரும் சொல்லிவிடுவோம். அது சில நிமிட வேலைதான். பின்னால் மெதுவாக வரும் கோட்டிசோல் நம் பரம்பரையலகுகளையே போய்த் தொடுகிறது.

சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல இருக்கும் அதிரீனல் சுரப்பிகள் இதைச் சுரக்கின்றன. கொழுப்பில் கரைவதால் கலமென்சவ்வு இதற்குத் தடையில்லை. குழியவுருவில் இதற்கான வாங்கி காத்திருக்கும். எச்.எஸ்.பி.90 என்ற புரதம் அந்த வாங்கியை, ஓமோன் வந்து பொருந்தக்கூடிய வடிவத்தில் பிடித்து வைத்திருக்கிறது. இது தகைப்புப் புரதங்களில் ஒன்று. 1962இல் இத்தாலியரான ரிட்டோசா, சூடேறிய பழ ஈக் கலங்களின் நிறமூர்த்தங்களில் புதிய புடைப்புகளைக் கண்டதிலிருந்து இப்புரதங்களின் கதை தொடங்குகிறது. அடைகாப்பானின் வெப்பநிலையை யாரோ கூட்டிவிட்டதால் கிடைத்த கண்டுபிடிப்பாம்!

கோட்டிசோல் பொருந்தியதும் வாங்கி கருவுக்குள் சென்று டி.என்.ஏ.யில் ஒட்டுகிறது. அழற்சியைத் தூண்டும் பரம்பரையலகுகள் பல அடங்குகின்றன. வேறு சில விழிக்கின்றன. விழிப்பவற்றில் எஃப்.கே.பி.பி.5 எனக்கு மிகவும் பிடித்தது. அதிலிருந்து உருவாகும் புரதம் குழியவுருவில் எச்.எஸ்.பி.90உடன் சேர்ந்து, வாங்கி கோட்டிசோலைப் பிடிக்கும் வலுவைக் குறைத்துவிடுகிறது. ஓமோன் வேலையைத் தொடங்கும்போதே தனக்கு ஒரு பிரேக்கும் செய்துகொள்கிறது.

உடல் மட்டத்திலும் பிரேக் உண்டு. இரத்தத்தில் கோட்டிசோல் கூடினால், அதிரீனலைத் தூண்டும் சமிக்ஞையை மூளையும் கபச்சுரப்பியும் குறைத்துக்கொள்கின்றன.

இதைப் பெற்றோரும் அறிய வேண்டும். களுபோவில வைத்தியசாலை கிளினிக்கிலிருந்து வரும் மருந்துப் பைகள் எங்கள் பகுதியில் அனேக வீடுகளில் இருக்கும். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படும் பிரெட்னிசொலோன் குளிசை இதே வாங்கியில்தான் பொருந்துகிறது. 2020இல் செயற்கைச் சுவாசத்தில் இருந்த கொவிட் நோயாளரின் மரணங்களை ஏறத்தாழ மூன்றிலொன்றால் குறைத்த டெக்சாமெதசோனும் இதே குடும்பம்.

வாரக்கணக்கில் இக்குளிசையை எடுத்தால், கோட்டிசோல் தாராளமாக இருக்கிறதென மூளை எண்ணிவிடும். தூண்டுவார் இல்லாமல் அதிரீனல் சுருங்கும். அந்நிலையில் திடீரென நிறுத்தினால் உடலில் இரண்டுமே இருக்காது. கடும் சோர்வு, வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிராபத்து வரை போகலாம். டொக்டர் அளவைப் படிப்படியாகக் குறைத்து எழுதுவது சுரப்பிக்கு அவகாசம் கொடுக்கத்தான்.

"சொகமாகிட்டே, இனி என்னத்துக்குக் குளிசை?" என்ற உம்மம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப அதுவும் நம்ம மாமா மாதிரி, ஆள் எழுப்பினாத்தான் எழும்பும்" என்றார்.